வாரிசுகள் தேர்ந்த முன்னோர்: ஹெவி மெட்டலின் தோற்றம் குறித்து

ஹெவி மெட்டல் இசை எப்போது பிறந்தது என்ற கேள்விக்கு நான்கு விடைகள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. 1958இல் லிங்க் ரே வெளியிட்ட 'ரம்பிள்' என்கிறார்கள் சிலர். 1964இல் தி கிங்க்ஸ் குழு தந்த 'யூ ரியலி காட் மீ' என்கிறார்கள் வேறு சிலர். 1968 ஜனவரியில் வந்த, சான்பிரான்சிஸ்கோவின் ப்ளூ சியர் குழுவுடைய முதல் ஆல்பத்தைச் சுட்டுபவர்களும் உண்டு. பெரும்பான்மையோர் சொல்வது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. பர்மிங்ஹாம் நகரத்துக் குழுவான பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் வெளியான நாள் அது. இதைத் தேதிச் சண்டையாக மட்டும் பார்த்தால் இதன் சாரம் பிடிபடாது. ரம்பிளைச் சொல்பவருக்கு மெட்டல் என்பது ஒலியின் சிதைவு. கிங்க்ஸைச் சொல்பவருக்கு அது திரும்பத் திரும்ப வந்து பாட்டையே தூக்கி நிறுத்தும் சிறிய கிடார் வரி, அதாவது ரிஃப். ப்ளூ சியரைச் சொல்பவருக்கு அது சத்தத்தின் அளவு. சப்பாத்தைச் சொல்பவருக்கு இருண்ட மனநிலை. ஒவ்வொரு தேதியும் தனக்கென ஒரு வரையறையைச் சுமந்துகொண்டு வருகிறது. இந்த விவாதம் அரை நூற்றாண்டாகத் தீராமல் இருப்பதற்குச் சான்றுகளின் பற்றாக்குறை காரணமில்லை. வரையறையில் உடன்பாடு இல்லை என்பதே காரணம். மெட்டலை எந்த ஒற்றை ஒலிக்கூறாலும் வரையறுக்க முடியாது, ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறையிடம் கற்று, கற்றதை எல்லைவரை இழுத்துச் செல்லும் ஒரு மரபாகவே வரையறுக்க முடியும் என்று நான் கருதுகிறேன். அப்படிப் பார்க்கும்போது சப்பாத்தின் முதன்மை உறுதிப்படுகிறது. ஆனால் அந்த முதன்மையை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள்.

பெயரின் வரலாற்றை வைத்து வழக்கை முடித்துவிடலாம் என்று பலர் முயன்றிருக்கிறார்கள். வில்லியம் பர்ரோஸ் 1961இல் வெளியிட்ட 'தி சாஃப்ட் மெஷின்' நாவலில் 'ஹெவி மெட்டல் கிட்' என்ற பட்டத்துடன் ஒரு பாத்திரம் வருகிறது. 1968இல் ஸ்டெப்பன்வுல்ஃப் குழு பாடிய 'பார்ன் டு பி வைல்ட்' பாட்டிலும் அந்தச் சொற்சேர்க்கை உண்டு. அங்கே அது மோட்டார் சைக்கிளின் முழக்கத்தைக் குறிக்கிறது. அதே ஆண்டு மே மாதம் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் பாரி கிஃபோர்ட் ஓர் இசைமதிப்புரையில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். அவர் மதிப்பிட்டது எலெக்ட்ரிக் ஃப்ளாக் என்ற குழுவை. எக்காள வாத்தியங்களோடு ப்ளூஸும் சோலும் கலந்து வாசித்த அந்தக் குழுவை இன்று ஒருவரும் மெட்டல் என்று சொல்லமாட்டார்கள். 1970இலும் 1971இலும் மைக் சாண்டர்ஸ் எழுதிய மதிப்புரைகளில்தான் சொல் இன்றைய பொருளை நெருங்குகிறது. அதன்பின் எழுபதுகள் முழுவதும் அமெரிக்க விமர்சகர்கள் உரத்து வாசித்த ஏறத்தாழ எல்லாக் குழுக்கள்மீதும், பெரும்பாலும் இளக்காரமாக, அதை வீசினார்கள். லெட் செப்பலினும் டீப் பர்ப்பிளும் அந்த முத்திரையை விரும்பவில்லை. சப்பாத் உறுப்பினர்களும் நெடுங்காலம் அதைத் தங்கள்மேல் பூசப்பட்ட வசையாகவே கருதினார்கள். ஆக, சொல் தோன்றிய இடத்தில் இசை இல்லை. இசை தோன்றிய இடத்தில் சொல்லை ஏற்பவர் இல்லை. தோற்றம் பற்றிப் பெயர் சொல்லும் சாட்சியம் இவ்வளவுதான்.

அடுத்த முயற்சி, ஒலியின் இயற்பியலில் விடை தேடுவது. இதில் உண்மை அதிகம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் தாங்குதிறனுக்கு மேல் கிடாரின் ஒலியைச் செலுத்தும்போது அலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. அதனால் மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன, ஒலி நீண்டு நிற்கிறது. லிங்க் ரே ஒலிபெருக்கியின் கூம்பில் துளையிட்டதும், கிங்க்ஸின் டேவ் டேவிஸ் அதைப் பிளேடால் கீறியதும் டிஸ்டார்ஷன் எனப்படும் இந்தச் சிதைவைத் தேடித்தான். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த இணைப்பைப் பவர் கார்டு என்பார்கள். சிதைந்த ஒலியில் அதை வாசித்தால், இரண்டு சுரங்களின் அதிர்வெண் வேறுபாட்டிலிருந்து ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே மூன்றாவதாக ஒரு சுரம் கேட்கிறது. வாசிக்காத ஒரு மந்திர சுரத்தை இயந்திரமே வழங்கிவிடுகிறது. மெட்டலின் கனத்துக்கு இதுவே அடித்தளம் என்பதை ராபர்ட் வால்ஸர் 1993இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆனால் இதே கருவியும் இதே இணைப்பும்தான் கராஜ் ராக்கையும் பங்க்கையும் கிரஞ்சையும் உண்டாக்கின. டிஸ்டார்ஷன் இல்லாமல் மெட்டல் இல்லை. டிஸ்டார்ஷன் இருப்பதாலேயே ஒன்று மெட்டல் ஆகிவிடுவதும் இல்லை. சத்தத்தின் அளவுக்கும் இது பொருந்தும். எடி காக்ரனின் 'சம்மர்டைம் ப்ளூஸ்' பாட்டை ப்ளூ சியர் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களின் சுவர் வழியே அனுப்பினார்கள். வெளிப்பட்டது உருக்குலைந்த பழைய ராக் அண்ட் ரோல். அதன் சட்டகம் மாறவில்லை.

சட்டகம் மாறிய இடம் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதி. சப்பாத்தின் கிடார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில், தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலதுகையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தார். இடதுகைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைத் தேடினார். பிறகு 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாடல்களில் கிடாரின் சுருதியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். விரலுக்கு எளிதாக இருக்கச் செய்த மாற்றம் ஒலிக்குக் கனத்தைக் கூட்டியது. ஆயினும் முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு அதற்கும் முன்னதாக, வழக்கமான சுருதியிலேயே, பெரிய மாற்றத்தைச் செய்துவிட்டது. கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு இடையில் அசையாமல் தொங்கும் பிரதி மத்திமம்: மூன்றே சுரங்கள், மிக மெதுவாக. மேற்கத்திய இசையில் டிரைடோன் எனப்படும் இந்த இடைவெளியை இடைக்காலத் திருச்சபை தடைசெய்தது என்ற பிரபலமான கதைக்கு ஆதாரமில்லை; அந்தக் கதை நமக்குத் தேவையும் இல்லை. ஹோல்ஸ்ட்டின் 'மார்ஸ்' என்ற செவ்வியல் படைப்பு இந்த ரிஃபுக்குத் தூண்டுதல் என்பது குழுவினரே சொன்னது. முக்கியமானது, ப்ளூஸின் பன்னிரண்டு அளவைச் சுழற்சியும், பாடகரின் வரிக்குக் கிடார் மறுமொழி சொல்லும் முறையும் இங்கே இல்லை என்பது. ரிஃப் பாட்டுக்குத் துணையாக வரவில்லை, அதுவே பாட்டின் கட்டுமானம். குரல் அதன்மேல் நடக்கிறது. பின்னால் வந்த மெட்டல் இசைஞர்கள் கற்றுக்கொண்ட இலக்கணம் இதுதான். ஆண்ட்ரூ கோப் 2010இல் வெளியான தன் நூலில் சப்பாத்தையும் லெட் செப்பலினையும் அக்கம்பக்கமாக வைத்து ஆராய்ந்து, இரண்டும் வெவ்வேறு வழிகளைத் திறந்தன என்று வாதிட்டார். செப்பலினின் வழி ஹார்ட் ராக், சப்பாத்தின் வழி மெட்டல் என்ற அவர் முடிவை நான் ஏற்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. அந்த முதல் ஆல்பம் முழுவதும் தலைப்புப் பாட்டைப்போல் இல்லை. 'தி விஸார்ட்' ஹார்மோனிக்காவுடன் தொடங்குகிறது. 'வார்னிங்' ஒரு ப்ளூஸ் குழுவின் பாட்டை நீட்டி வாசித்தது. ஒரே நாளில் பதிவுசெய்யப்பட்ட அந்த ஆல்பத்தின் பாதி, அப்போதைய ஆங்கிலேய ப்ளூஸ் குழுக்கள் யாரும் வாசித்திருக்கக்கூடியதே. இருள் சார்ந்த கற்பனையிலும் அவர்கள் முதல்வர்கள் இல்லை. சிகாகோவின் கோவன் குழு 1969இலேயே சூனியத்தைப் பொருளாகக் கொண்ட ஆல்பத்தை வெளியிட்டது. அதன் முதல் பாட்டின் பெயரே 'பிளாக் சப்பாத்'. டிரைடோனைப் பொறுத்தவரை, ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'பர்ப்பிள் ஹேஸ்' 1967இல் அதைக் கொண்டுதான் தொடங்கியது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்வதால் என் வாதம் சிதையவில்லை, மேலும் துல்லியமாகிறது. கோவனின் சொற்கள் இருண்டவை, இசையோ அக்காலத்து சைக்கடெலிக் ராக். ஹெண்ட்ரிக்ஸ் அந்த இடைவெளியை ஒரு வாசலாகத் தொட்டுவிட்டு ப்ளூஸுக்குள் நுழைகிறார். சப்பாத் அங்கேயே தங்கிவிடுகிறது. கூறுகள் எல்லாம் முன்பே இருந்தன. அவற்றை ஒரே பாட்டில் ஒன்றையொன்று கட்டாயப்படுத்தும்படி இணைத்ததே புதிது. ஆனால் ஒரு பாட்டு ஒரு வகைமை ஆகிவிடாது. 1970இல் அந்தப் பாட்டு ஒரு சாத்தியம், அவ்வளவுதான். விமர்சகர் லெஸ்டர் பாங்ஸ் அந்த ஆல்பத்தை க்ரீம் குழுவின் மட்டமான நகல் என்ற பொருள்பட ஒதுக்கினார். அவருக்குக் காது இல்லை என்று சொல்வது எளிது. அது எதன் தொடக்கம் என்பதைக் கேட்பதற்குத் தேவையான அடுத்த பத்தாண்டுகள் அவர் முன்னால் இல்லை என்பதே நியாயமான மதிப்பீடு.

அந்தப் பத்தாண்டுகளில்தான் வகைமை உருவாகிறது. பர்மிங்ஹாம் வட்டாரத்திலிருந்தே வந்த ஜூடாஸ் பிரீஸ்ட் 1976இல் 'சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி', 1978இல் 'ஸ்டெய்ன்ட் கிளாஸ்' ஆல்பங்களை வெளியிட்டது. எஞ்சியிருந்த ப்ளூஸ் நெகிழ்வை அகற்றி, இரட்டைக் கிடார்களின் துல்லியத்தையும் வேகத்தையும் கொண்டுவந்தது. தோலாடையும் ஆணிப்பட்டைகளும் அதன் பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் வழியே மெட்டலின் சீருடை ஆயின. மெட்டல் என்ற பெயரை வெட்கப்படாமல் ஏந்திய முதல் பெரிய குழு இது. 1979 மே மாதம் லண்டன் கேம்டனில் ஏஞ்சல் விட்ச், அயர்ன் மெய்டன், சாம்சன் ஆகிய குழுக்கள் சேர்ந்து நடத்திய கச்சேரியைப் பற்றி 'சவுண்ட்ஸ்' இதழில் ஜெஃப் பார்ட்டன் எழுதினார்; 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' என்ற தொடர் அங்கிருந்து பரவியது. 1981இல் 'கெராங்' இதழ் தொடங்கியது. தங்கள் இசை இன்னது, தங்கள் முன்னோர் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் இசைஞர்களும் ரசிகர்களும் இதழ்களும் இப்போது இருந்தார்கள். இந்த அலையின் ஒலிநாடாக்களைத் தேடித்தேடிக் கேட்ட இளைஞர்கள் கலிஃபோர்னியாவில் த்ராஷ் மெட்டலை உருவாக்க, மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் 1983இல் வந்தது. 1975இல் சப்பாத் வெளியிட்ட 'சிம்ப்டம் ஆஃப் தி யூனிவர்ஸ்' பாட்டின் விரைவான ரிஃபை இன்று த்ராஷின் முன்னோடி என்கிறோம். த்ராஷ் பிறந்திருக்காவிட்டால் அந்தப் பாட்டு எதற்கும் முன்னோடி ஆகியிருக்காது. எழுத்தாளர்கள் தங்கள் முன்னோடிகளைத் தாங்களே உருவாக்குகிறார்கள் என்று காஃப்காவைப் பற்றிய கட்டுரையில் போர்ஹெஸ் வாதிட்டது இங்கே அப்படியே செல்லும். எனவே மெட்டலுக்கு இரண்டு பிறப்புகள்: 1970இல் ஓர் இலக்கணம், 1979ஐ ஒட்டி அந்த இலக்கணத்தைத் தன் மொழி என்று அறிந்த ஒரு சமூகம். முதலாவதை முதலாவது ஆக்கியது இரண்டாவது.

அப்படியானால் ரசிகர்கள் எதைச் சொல்கிறார்களோ அதுவே மெட்டல் ஆகிவிடுமா என்று கேட்கலாம். டீனா வைன்ஸ்டைன் 1991இல் வெளியிட்ட சமூகவியல் ஆய்வு ஒலி, காட்சி, சொல் என மூன்று பரிமாணங்களில் மெட்டலின் விதித்தொகுப்பை விவரித்தது. அதன்பின் வந்த இசையே அந்தத் தொகுப்பைப் பல இடங்களில் மீறிவிட்டது. ஃபுளோரிடாவின் டெத் மெட்டல் மந்திர ஒலியில் வேரூன்றியது; தொண்ணூறுகளில் டார்க்த்ரோன் போன்ற நார்வே குழுக்களின் பிளாக் மெட்டல் அந்தக் கனத்தையே உதறி மெலிந்து கீச்சிடும் ஒலியைத் தேர்ந்தது. டூம் மெட்டல் நகராமல் நகர்கிறது, த்ராஷ் பறக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே ஒலிக்கூறைக் கண்டுபிடிக்க முடியாது. ஆயினும் எது மெட்டல் என்ற தீர்ப்பு தன்னிச்சையானதில்லை. 1989இல் ஹார்ட் ராக்குக்கும் மெட்டலுக்கும் சேர்த்து முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருது மெட்டாலிகாவை விட்டுவிட்டு ஜெத்ரோ டல் குழுவுக்குப் போனது. இசைப்பிரியர்கள் அதிர்ந்தார்கள், அடுத்த ஆண்டே விருது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அந்த அதிர்ச்சிக்குக் காரணம் ஜெத்ரோ டல்லின் தரம் இல்லை. அவர்களிடம் கற்றுக்கொண்டு வளர்ந்த மெட்டல் கிளை என்று எதுவும் இல்லை, அவர்கள் கற்றதும் அந்த மரபிடம் இல்லை. டார்க்த்ரோனோ எவ்வளவு விலகினாலும் வெனம், பாத்தரி, கெல்டிக் ஃப்ராஸ்ட் ஆகிய முந்தைய குழுக்கள் வழியாகத் தன் தடத்தைக் காட்ட முடியும். பரம்பரை என்பது ஒலியிலேயே கேட்கக்கூடிய சான்று. ரசிகரின் விருப்பம் அதை உண்டாக்க முடியாது, அறிந்துகொள்ளத்தான் முடியும்.

பரம்பரையைக் கொண்டு வரையறுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. வாரிசுகள் முன்னோரைத் தேர்கிறார்கள் என்றால் சிலரைத் தேராமலும் விடுகிறார்கள். சப்பாத்தின் ஆஸ்டனிலிருந்து தொடங்கும் குடும்ப மரத்தில், தொழிற்சாலைப் புகையில் வளர்ந்த வெள்ளை இளைஞர்களின் படைப்பாக மெட்டல் தோன்றுகிறது. சம்மட்டியின் ஓசை இசையானது என்ற கதையும் அழகாகச் சேர்ந்துகொள்கிறது. ஆனால் சிதைந்த கிடாரின் மொழியை விரித்தவர் கறுப்பினத்தவரான ஹெண்ட்ரிக்ஸ். அதற்கும் முன்னால் சிகாகோவின் மின்ப்ளூஸ் இசைஞர்கள். அவர்களில் ஒருவரான வில்லி டிக்ஸன் தன் பாட்டுக்குரிய உரிமையை லெட் செப்பலினிடம் வழக்குத் தொடுத்தே பெற வேண்டியிருந்தது. 1987இல் அது சமரசத்தில் முடிந்தது. ரம்பிளைத் தந்த லிங்க் ரே ஷானி பழங்குடி மரபினர். ப்ளூஸிலிருந்து விலகியதே மெட்டலின் பிறப்பு என்று சொல்லும் நானும் இந்த மறதிக்கு உதவக்கூடும். அதனால் இதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஒன்றிலிருந்து விலகுவதற்கு முதலில் அதற்குள் வாழ்ந்திருக்க வேண்டும். சப்பாத்தின் முதல் ஆல்பத்தில் ப்ளூஸ் பாதி நிறைந்திருப்பது அவர்களின் குறை இல்லை. அவர்களின் கடனுக்கான கையெழுத்து. மரபு தேர்ந்தெடுக்கும் முன்னோரையும், அந்த முன்னோர் கடன்பட்டவர்களையும் தனித்தனியே எழுதத் தெரிந்த வரலாறே முழுமையான வரலாறு.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் சப்பாத்தின் நான்கு மூல உறுப்பினர்களும் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். அதன் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் அதே மாதம் 22ஆம் தேதி காலமானார். அந்த மேடையில் மெட்டாலிகா, ஸ்லேயர், பாண்டெரா, கோஜிரா, மாஸ்டடான் எனப் பல தலைமுறைகள் ஏறின. தங்கள் பாட்டுகளோடு சப்பாத்தின் பாட்டுகளையும், ஓஸி தனித்துப் பாடியவற்றையும் அவரவர் கிளையின் ஒலியில் வாசித்தன. வேகத்திலும் குரலிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்தக் குழுக்களால் ஒரே ரிஃபுகளைத் தங்கள் சொந்த மொழியாகப் பேச முடிந்ததே, மெட்டல் ஒரு மரபு என்பதற்கு நான் காட்டக்கூடிய மிகத் தெளிவான சான்று. ஆகவே புதிதாக ஒரு குழு வந்து தான் மெட்டல் என்று சொன்னால், அதன் கிடார் எவ்வளவு சிதைகிறது, உடை என்ன நிறம், சொற்களில் சாத்தான் உண்டா என்று சோதிக்க வேண்டாம். அது யாரிடம் கற்றது, கற்றதில் எதை இன்னும் தள்ளிக்கொண்டு போகிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒலியிலேயே பதில் சொல்லும் குழு, எந்த நாட்டிலிருந்து வந்தாலும், எந்தப் பழைய விதியை உடைத்தாலும், மெட்டல்தான்.