வாலில் நிற்கும் குதிரை

விரிவுரையாளனாக இருந்த காலத்தில், சென் பீற்றர்ஸ்பேர்க்கிலுள்ள மகா பீற்றரின் வெண்கலக் குதிரை இரண்டு கால்களில் மட்டுமே நிற்கிறது என்று மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன். அது பிழை. பின்னங்காலில் மிதிபடும் பாம்பு குதிரையின் வாலைத் தொடுகிறது. அதுதான் மூன்றாவது கால். இன்று தொழிற்சாலையில் பாரம் தூக்குபவன் நான். எந்தச் சிலையிலும் பாரம் எங்கே இறங்குகிறது என்றே முதலில் பார்க்கிறேன்.

பிரெஞ்சுச் சிற்பி பல்கொனே செய்த இச்சிலை 1782இல் திறக்கப்பட்டது. முன்னங்கால் தூக்கிய குதிரையை வார்ப்பது இலேசான காரியமல்ல. முன்புறத்தை மெல்லியதாகவும் பின்புறத்தைத் தடிப்பாகவும் வார்த்தால்தான் அது கவிழாது நிற்கும். மட்றிட்டில் தக்கா 1640இல் முடித்த நான்காம் பிலிப்பின் சிலையிலும் வால் ஒரு முண்டுதான். இந்தத் தொழில்நுட்பத்தை நான் மதிக்கிறேன். எனது கேள்வி வேறு: பாய்வது குதிரை, பெருமை யாருக்கு? பீற்றர் ஒரு கையை நீட்டியபடி அசையாது இருக்கிறார். குதிரையின் துடிப்பெல்லாம் அவரது அதிகாரத்துக்குச் சாட்சி. மிதிபடும் எதிரியாகக் காட்டப்படும் பாம்பே அவரைத் தாங்குகிறது!

இத்தாலியச் சிற்பி மாரினோ மாரினி (1901-1980) இந்த ஒழுங்கைக் குலைத்தவர். உலகப்போரின்போது மிலானை விட்டுச் சுவிற்சர்லாந்தில் தங்கி, 1946இல் திரும்பியவர். பின்னர் அவர் செய்த 'அற்புதம்' வரிசைச் சிற்பங்களில் குதிரை செங்குத்தாக எழுகிறது. அதன் முதுகிலிருந்து மனிதன் சரிகிறான். தசைநார் இல்லை, கடிவாளம் இல்லை, கால்களோ மரக்கட்டைகள் போல. ஆயினும் பல்கொனேயின் குதிரையைவிட இவையே அசைகின்றன என்பேன். பீற்றரின் குதிரைக்கு அடுத்த கணம் என்று ஒன்றில்லை. அது என்றைக்கும் அப்படியே நிற்கும். மாரினியின் மனிதனுக்கு அடுத்த கணம் நிலந்தான். அசைவு என்பது கால்களின் அமைப்பல்ல, அந்த அடுத்த கணம்.

மாரினி இந்த வீழ்ச்சியைத் திரும்பத் திரும்பச் செய்து ஒரு வாய்பாடாக்கிவிட்டார் என்பர் சிலர். அதில் நியாயமுண்டு. வீழ்ச்சியும் அலங்காரமாகிவிடலாம். எனினும் குதிரையில் இருப்பவனும் விழக்கூடிய மனிதனே என்று வெண்கலத்தில் சொல்லத் துணிவு வேண்டும்.

சிலைகளை அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள் நாம். இனிக் கொஞ்சம் குனிந்தும் பார்ப்போம். மேலே இருப்பவர் ஆடாமல் இருப்பதற்காக அடியில் எது நசிகிறது என்று கேளாத விமர்சனம் வெறும் துதிபாடலே.