கந்தும் கப்பும் கம்பமும்

ஹந்தானை மலையடிவாரத்தே வாழ்வார்க்கு மரத்தறி நட்டு விழாவெடுக்கும் வழக்கம் புதுமையன்று. எசல விழாவின் தொடக்கமாக இளம் பலாமரமொன்று வெட்டப்பெற்று, அதன் பகுதிகள் கண்டி நகரிலுள்ள நாததேவர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நால்வர் தேவாலயங்களிலும் நடப்பெறுகின்றன. சிங்கள மக்கள் இதனைக் 'கப்' நடுதல் என்பர். மலைத் தோட்டங்களிலோ மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாளிற் காமன் கம்பம் ஊன்றப்பெறும். இவ்விரண்டையும் வட அமெரிக்கப் பழங்குடியினரின் குலக்குறிக் கம்பங்களோடு ஒருசேர வைத்து, சங்கச் செய்யுட்கள் கூறும் கந்தினையும் அவ்வினத்தே அடக்கி, 'யாவும் ஆதி மனிதனின் மரவணக்கமே' என முடிபு கூறுவார் நம்மிடையே உளர். மாணவரும் அதனை அவ்வாறே எழுதுகின்றனர், புள்ளியும் பெறுகின்றனர். அம்முடிபு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் அக்குலக்குறிக் கம்பங்களை நோக்குவாம். பசிபிக் மாகடலின் வடகிழக்குக் கரையில் வாழும் ஹைடா, திலிங்கிற், சிம்சியன், நிஸ்கா முதலிய மக்களே இவற்றை நாட்டியவர். சீடர் என்னும் பெருமரத்தைக் குடைந்து, காக்கை, கழுகு, கரடி, திமிங்கிலம் முதலிய உருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்குவர். இவ்வுருவங்கள் தெய்வங்கள் அல்ல. இவற்றுக்குப் பலியுமில்லை, பூசையுமில்லை. ஒரு குடியின் முன்னோர்க்கு நேர்ந்தவற்றையும், அவர் வழிவந்தோர் பூணத்தக்க சின்னங்களையும் அவை சொல்லும். சில வீட்டு முகப்பில் நிற்பன. சில இறந்தோர் எலும்பைத் தாங்குவன. கடன் தீர்க்காதவனை நாணச் செய்தற்கென்றே நாட்டப்பெற்றனவும் உண்டு. கம்பம் நாட்டுங்கால் 'பொட்லாச்' என்னும் பெருவிருந்து நிகழும். விருந்தினர் உண்டு, பரிசில் பெற்று, அக்குடியின் உரிமைக்குச் சான்றாவர். இதனை உணராத கனடிய அரசு 1884ஆம் ஆண்டில் அவ்விருந்தினைச் சட்டத்தால் விலக்கிற்று. 1951 வரை அவ்விலக்கு நின்றது. மதபோதகர் பலர் கம்பங்களை விக்கிரகங்கள் என்றே கருதினர். 'ரோட்டம்' என்னும் சொல்லும் ஓஜிப்வே மக்களின் மொழியிலிருந்து பெறப்பட்டது. அம்மக்களோ இத்தகைய கம்பம் நாட்டியவரல்லர். பெயர் ஓரினத்தாரது, பொருள் வேறினத்தாரது. இவ்வளவு குழப்பமுடைய ஒரு சொல்லைக் கொண்டு நம் பழஞ் செய்யுளை அளத்தல் எங்ஙனம்?

கந்தின் இயல்பு முற்றிலும் வேறு. பகைவர் ஊர்ப் பொதியிலிற் சிறைபிடித்துக் கொணரப்பட்ட மகளிர் நீராடி, மாலையில் விளக்கேற்றி, மெழுகிய தரையிற் பூவிட்டு வழிபட்ட கந்தினைப் பட்டினப்பாலை காட்டும். வேற்றூரார் தங்குமிடமும் அதுவே. அடிமைப்பட்டோரும் வழிப்போக்கரும் ஒருங்கு தொழும் தூண் எக்குடியின் சின்னமாகும்? அதன்கண் உறைவது கடவுள், குலமன்று. அக்கடவுள் நீங்கவும் கூடும். அகநானூற்று 307ஆம் செய்யுளில், கடவுள் விட்டகன்ற கரிய அடியினையுடைய கந்தில், பழகிய இடமாதலின் பிரிய மாட்டாத புறா தன் பெடையை அழைக்கின்றது. இதனைப் பாடியவர் மதுரை ஈழத்துப் பூதன்றேவனார். நம் நாட்டின் பெயரைத் தம் பெயரிற் கொண்ட புலவர், தெய்வமும் தூணும் வேறு என்பதை ஒரு புறாவை வைத்தே உணர்த்திவிட்டமை எண்ணி மகிழற்குரியது.

மணிமேகலையின் கந்திற்பாவையைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அங்கும் தூணிலுள்ள பாவையின்கண் துவதிகன் என்னும் தெய்வம் நின்று பேசுகின்றது. பேசுவதும் குலவரலாறன்று, வினைவழி வந்த பிறப்பின் வரலாறு. உருவம் செதுக்கிய தூண் என்ற அளவில் ஒற்றுமை கண்டு மயங்குதல் கூடாது.

தமிழில் ஒப்புமை தேடுவார் நடுகல்லை நோக்குக. பெயரும் பெருமையும் பொறித்து, செயலை நினைவிற் கொள்ளும் நோக்கம் ஆங்கே உண்டு. எனினும் நடுகல்லுக்குக் கள்ளும் பலியும் படைத்தனர். ஆதலின் அதுவும் அரைகுறை ஒப்புமையே.

இனிக் கண்டியின் கப். அதிற் செதுக்கலில்லை, வரலாறுமில்லை. நல்ல நேரத்தில் நடப்பெற்ற பின் ஐந்து இரவுகள் தேவர்தம் சின்னங்கள் தேவாலய வளவினுள்ளேயே வலம்வரும். அதன்பின் கும்பல் பெரஹரா ஐந்து இரவும், ரந்தோலி ஐந்து இரவும் நிகழும். ஈற்றில் கெட்டம்பேயில் மகாவலி நீர்வெட்டு. நட்டபின் விழா நிகழ்ந்தே ஆகவேண்டும்; கப் அதற்குரிய வாக்குறுதி. நம் கோயிற் கொடியேற்றமும் இவ்வகைத்தே. றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிற் காணும் பெரஹரா தேவர்க்குரியது. தந்ததாது அதனுடன் சேர்ந்தது கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) காலத்திலே. கப் நடுதல் தேவாலயங்களிலே நிகழ்தலின் காரணம் இதனாற் புலனாகும்.

காமன் கம்பத்தைப் பற்றி நம் கல்லூரி மலர்கள் எழுதியது மிகக் குறைவு. கூலிகளின் கூத்து என்று ஒதுக்கியமையே காரணம் என்பேன். கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமென அழைத்துவரப்பட்டோர் தம் ஊரின் மாசி மாதத்தைத் தம்முடன் கொண்டுவந்தனர். கம்பம் ஊன்றப்பெற்ற நாள் முதல் காமனும் இரதியும் தோட்டத்தவர் ஆகின்றனர்; காமன் எரிகின்றான்; இரதி புலம்புகின்றாள்; அவன் மீள எழுகின்றான். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். புலம்பற் பாட்டு அறிந்தாரும் அவருள் இருந்திருப்பர்.

குலக்குறிக் கம்பத்துக்கும் இதற்குமுள்ள பெருவேற்றுமை ஒன்றுண்டு. ஆங்கே கம்பம் நிலவுரிமையோடு பிணைந்தது. கிற்சான், வெற்சுவெற்றன் மக்கள் தொடுத்த வழக்கில், அவர்தம் வாய்மொழி வரலாறுகளும் சான்றாகக் கொள்ளத்தக்கன எனக் கனடிய உயர்நீதிமன்றம் 1997இற் கூறிற்று. 1929இற் கொண்டுசெல்லப்பட்ட நிஸ்காக் கம்பமொன்று எடின்பரோ அரும்பொருட்சாலையிலிருந்து 2023இல் தன் மண்ணுக்குத் திரும்பிற்று. காமன் கம்பமோ தோட்டத்து நிலத்தில் ஊன்றப்பெறுவது. நாட்டுவோர் அந்நிலத்துக்கு உரியவராக எழுதப்பட்டவரல்லர். ஆண்டுதோறும் புதிதாகவே நடுகின்றனர்.