பாடக் கற்பதும் பாட்டு ஆசிரியராவதும்: கோபன்ஹேகன் வழி

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேற்கத்திய இசைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை கற்பித்த குரல் ஒன்றுதான்: ஓபரா மேடைக்கு உரிய குரல். பாப், ராக், ஜாஸ் பாடியவர்கள் இசைத்தட்டுகளைக் கேட்டும் மேடையில் பாடிப் பார்த்தும் தாங்களாகவே கற்றுக்கொண்டனர். இந்த வகைகள் அனைத்துக்கும் சேர்த்துச் 'சமகால வணிக இசை' என்ற பெயரை அமெரிக்கக் குரலாசிரியர் ஜெனட் லோவெட்ரி 2000இல் முன்வைத்தார். அத்தகைய பாடல்களைக் கற்பிப்போரில் கணிசமானவர்களுக்கு அதில் பயிற்சியோ மேடை அனுபவமோ கிடையாது என்பதை 2003இல் அவர் இணைந்து வெளியிட்ட கணக்கெடுப்பு காட்டியது. ஆசிரியர்களுக்கே ஆசிரியர் இல்லாத நிலை அது. அந்தக் குறையை நிரப்பக் கிளம்பிய பள்ளிகள் உலகில் சில இடங்களில் மட்டுமே அமைந்தன. ஆகவே இந்தக் கலையை முறையாகப் படிக்க விரும்புவோர் பலருக்கு வெளிநாட்டு வாசம் தவிர்க்க முடியாததாயிற்று.

அந்த இடங்களில் முக்கியமானது டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன். சிறுவயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டு, அதனாலேயே மூச்சின் இயக்கத்தை ஆராயத் தொடங்கிய பாடகி கத்ரினே சடோலின், தன் முறையை 2000இல் நூலாக வெளியிட்டார். 2005இல் அங்கே அவரது 'கம்ப்ளீட் வோக்கல் இன்ஸ்டிடியூட்' தொடங்கியது. அதன் மூன்றாண்டு ஆசிரியர் படிப்புக்குப் பல நாட்டு மாணவர்கள் வருகின்றனர். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. சிலர் அந்நகரிலேயே தங்கிப் படிக்கின்றனர். வேறு சிலர் ஒவ்வொரு வகுப்புத் தொகுதிக்கும் விமானத்தில் வந்து திரும்புகின்றனர்.

இந்த முறையின் அடித்தளம் ஓர் எளிய துணிவு. எந்த ஒலியையும் அழகு, அசிங்கம் என்று முன்கூட்டியே தீர்ப்பிடுவதில்லை. அது எப்படி உண்டாகிறது, கேடின்றி உண்டாக்க முடியுமா என்று மட்டுமே கேட்கிறது. ஒலியில் கேட்கும் உலோகத்தன்மையின் அளவைக் கொண்டு குரலை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. உலோகத்தன்மை இல்லாதது நியூட்ரல். பாதி உள்ளது கர்பிங். முழுமையாக உள்ளவை ஓவர்டிரைவும் எட்ஜும். ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. ஓவர்டிரைவில், மேற்கத்திய சுரக் குறியீட்டின்படி, ஆண்கள் ஏறக்குறைய சி5 வரையும் பெண்கள் டி5 வரையும்தான் போக முடியும் என்பது அதன் விதி. பாடகர் அந்த எல்லையை மீறி இழுக்கும்போது தொண்டை இறுகுவதை ஆசிரியர் காதாலேயே கண்டுபிடித்து, அடுத்த நிலைக்கு மாற்றிவிடலாம். 'இன்னும் உணர்ச்சியோடு பாடு', 'ஒலியை முன்னால் கொண்டு வா' என்ற மங்கலான கட்டளைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

கரகரப்பான குரல்களைக் கையாளும் விதத்தில்தான் இதன் சிறப்பு நன்கு தெரிகிறது. ராக், மெட்டல் பாடகர்களின் உறுமல் தொண்டையைக் கெடுத்தே தீரும் என்பது நெடுங்கால நம்பிக்கை. உண்மையில் டிஸ்டார்ஷன் எனப்படும் ஒலியில், குரல்நாண்களுக்கு மேலே உள்ள பொய்க்குரல்நாண்கள் சேர்ந்து அதிர்கின்றன. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரலில் பழகிப்போன க்ரோல் ஒலிக்கு அதற்கும் மேலே, குரல்வளை வாயிலின் மடிப்புகள் அதிர்கின்றன. கீழே குரல்நாண்கள் இயல்பாக இயங்கினால் போதும். இதை அறிந்த ஆசிரியர், முன்பு 'பாடாதே' என்று மட்டுமே கேட்டு வந்த மாணவருக்கு 'இப்படிப் பாடு' என்று சொல்ல முடிகிறது. ஒரே அறையில் மெட்டல் பாடகரும் இசைநாடக நடிகையும் நாட்டுப்புறப் பாடகரும் மாறி மாறிப் பாட, மற்றவர்கள் கேட்டுப் பகுத்தறியும் வகுப்பு, ஆசிரியராகப் பயில்பவரின் செவியை வளர்க்கிறது. சொந்த ஊரில் ஒரே வகைப் பாடகர்களோடு இருந்தால் இந்தச் செவி எளிதில் வாய்க்காது. வெளிநாட்டில் படிப்பதன் மிகப் பெரிய ஆதாயம் இதுவே.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. அவற்றில் முதலாவது, உயிரொலிகள் சார்ந்தது. நான்கு நிலைகளில் நியூட்ரல் தவிர்த்த மூன்றும் குறிப்பிட்ட உயிரொலிகளோடு கட்டுண்டவை. அந்த உயிர்களுக்கு எடுத்துக்காட்டாகத் தரப்படுபவை ஆங்கிலச் சொற்கள்: கர்பிங்குக்கு 'ஸிட்', 'ஹங்ரி'; ஓவர்டிரைவுக்கு 'ஸ்டே', 'ஸோ'; எட்ஜுக்கு 'ஆண்ட்', 'ஹெர்ப்'. ஸ்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்தே. அம்மொழியில் பாடும் மாணவர் முதலில் தன் வாயில் இல்லாத உயிரைக் கற்று, பிறகு அதைக் கொண்டு தன் பாட்டைத் திருத்த வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பாடகருக்கும் 'ஹெர்ப்' வகை உயிர் அந்நியமே. குறில், நெடில் அளவு மாறினால் சொல்லே மாறிவிடும் மொழியில், ஒலி நிலைக்காக உயிரை வளைப்பதற்கு இடம் குறைவு. முறையை இப்படித் தன் மொழிக்குப் பொருத்தும் வேலையைப் பாடத்திட்டம் மாணவரிடமே விட்டுவிடுகிறது.

அடுத்தது சான்றின் தரம். நாட்டிங்ஹாமின் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஜூலியன் மெக்ளாஷன் போன்றோருடன் இணைந்து, குரல்வளையை உள்நோக்கிக் கருவியால் படம்பிடித்து, ஓவர்டிரைவும் எட்ஜும் வேறு வேறு என்று காட்டிய ஆய்வுகள் வெளியாகியுள்ளன. தன் கூற்றுகளைச் சோதனைக்கு உட்படுத்தும் இந்த மனப்பான்மை பாராட்டத்தக்கது. ஆனால் ஆய்வாளர்களுள் முறையின் நிறுவனரும் ஒருவர். பாடியவர்களும் அதே முறையில் பயின்றவர்கள். இந்த நிலைகளை இம்முறையில் தேர்ந்தவர்களால் பிரித்துப் பாட முடியும் என்பதுவரை அந்த ஆய்வுகள் நிறுவுகின்றன. உலகின் எல்லாக் குரல்களும் இந்த நான்கில் அடங்கும் என்பது வேறு கூற்று. அதற்கு இவை போதா. அமெரிக்கக் குரலாசிரியர் ஜோ எஸ்டில் 1988இல் நிறுவிய முறையோ ஒலியை ஆறு குணங்களாக வகுக்கிறது. எந்தப் பள்ளியின் ஆசிரியர் சான்றிதழும் அந்தந்தப் பள்ளியின் சொற்களிலேயே பேசுவதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் மாணவரிடம் வளர்வது கடினம்.

எஸ்டில் முறையில் வேறொரு சிக்கல் உண்டு. பொய்க்குரல்நாண், நாக்கு, குரல்வளை என்று உறுப்புகளைத் தனித்தனியே இயக்கப் பழக்குகிறது. உடலின் உறுப்பைக் கவனிப்பதைவிட, செயலின் விளைவைக் கவனித்தால் நன்றாகக் கற்கலாம் என்பதை உடலியக்கக் கற்றலை ஆராயும் காப்ரியேலே வுல்ஃபின் ஆய்வுகள் 1990களின் இறுதியிலிருந்து காட்டி வருகின்றன. அவை பெரும்பாலும் விளையாட்டையும் சமநிலைப் பயிற்சியையும் சார்ந்தவை என்றாலும், பாட்டு வகுப்பு அவற்றை ஒதுக்கிவிட முடியாது. கோபன்ஹேகன் முறை விரும்பிய ஒலியிலிருந்தே தொடங்குவதால் இந்த வகையில் மேலானது.

இவற்றைவிடக் கவலைக்குரியது கோபன்ஹேகன் பள்ளியின் ஆசிரியப் பயிற்சி. வந்து போகும் மாணவருக்குச் சில நாள் செறிவான வகுப்பு, பிறகு நீண்ட இடைவெளி. இடைவெளி நினைவுக்கு நல்லது. ஆனால் அப்போது தவறாகப் பழகிய தசைப்பழக்கத்தைத் திருத்த அருகில் ஆள் இல்லை. வகுப்பில் ஆசிரியராகப் பயில்பவர் கற்பித்துப் பழகும் சக மாணவர்களோ ஏற்கெனவே நன்றாகப் பாடக்கூடிய பெரியவர்கள். அவர் ஊர் திரும்பியதும் எதிரே வந்து நிற்பது குரல் உடையும் பதின்மூன்று வயதுச் சிறுவனாகவோ, சுருதியே பிடிபடாத தொடக்கக்காரராகவோ இருக்கலாம். பத்து நிமிடத்தில் ஓர் ஒலியை மாற்றிக் காட்டும் திறமை அங்கே போதாது. அதே மாணவரை மாதக்கணக்கில் கவனித்து, எப்போது திருத்துவது, எப்போது விட்டுவிடுவது என்று அறிய வேண்டும். பயிற்சிக் காலம் முழுவதும் ஒரு தொடக்க மாணவருக்காவது அவரது தாய்மொழிப் பாடல்களைக் கொண்டே கற்பித்து, அந்த வகுப்புகளின் பதிவை மூத்த ஆசிரியர் மதிப்பிடுவதைத் தேர்வின் பகுதியாக்கினால் இந்தக் குறை பெருமளவு நீங்கும்.