அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சேர்க்கையில் சிகிச்சையக முன்னனுபவம்

அமெரிக்காவில் கால்நடை மருத்துவம் பயில விரும்புவோர், பெரும்பாலும் இளநிலைப் பட்டத்தை முடித்த பிறகே நான்காண்டுத் தொழிற்கல்விக்கு விண்ணப்பிக்கின்றனர். மதிப்பெண்களோடு, சிகிச்சையகத்தில் அவர்கள் கழித்த நேரமும் சேர்க்கையின்போது எடைபோடப்படுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கல்லூரி 180 மணி நேரத்தைக் குறைந்தபட்சமாகக் கேட்டுவந்துள்ளது. குறைந்தபட்சம் எதையும் வகுக்காத கல்லூரிகளுக்கும், போட்டியின் கடுமையால், பல நூறு மணி நேர அனுபவத்தோடு விண்ணப்பங்கள் வருகின்றன. இவ்வழக்கத்தின் நோக்கம் சரியானது. அனுபவத்தை அளக்கும் முறைதான் பிழையானது.

விலங்குகள் மீதுள்ள அன்பு மட்டும் இத்தொழிலைத் தாங்காது என்பதைச் சிகிச்சையகம் விரைவில் உணர்த்திவிடுகிறது. நோயுற்ற விலங்கு பேசாது. அதற்காகப் பேசுபவரும் பணம் செலுத்துபவரும் உரிமையாளரே ஆதலால், செலவு மதிப்பீட்டைக் கண்டதும் சிகிச்சையின் திசை மாறுவதும், குணப்படுத்தக்கூடிய விலங்கே பணமின்மையால் கருணைக்கொலைக்கு உட்படுவதும் அங்கே நிகழ்கின்றன. கால்நடை மருத்துவர்களின் 1979 முதல் 2015 வரையிலான இறப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், தற்கொலையின் பங்கு பொதுமக்களிடம் உள்ளதைவிட ஆண் மருத்துவர்களிடம் 2.1 மடங்காகவும் பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்காகவும் காணப்பட்டது. இத்தகைய சுமையுள்ள தொழிலைப் பெருங்கடன் வாங்கிப் பயிலப் போகும் இளைஞர், அதன் அன்றாடத்தை முன்கூட்டியே கண்டறிவது அவருக்குச் செய்யப்படும் நியாயமே ஆகும்.

நோயறிதல், மருந்து பரிந்துரைத்தல், அறுவை செய்தல் ஆகியவற்றை உரிமம் பெற்ற மருத்துவருக்கே மாநிலச் சட்டங்கள் ஒதுக்குவதால், நேரடி அனுபவம் எனப்படுவது நடைமுறையில் கூண்டுகளைக் கழுவுவதும், கருவிகளை அடுக்குவதும், பரிசோதனையின்போது விலங்கை அசையாமல் பிடித்துக்கொள்வதுமே. இவற்றுள் கடைசியானதை அற்பமாகக் கருதலாகாது. பூனையின் காதுகள் பின்னோக்கி மடங்குவதையும், களைப்பில்லாத நாய் கொட்டாவி விட்டு உதட்டை நக்குவதையும் அச்சத்தின் அறிகுறிகளாகப் படிக்கக் கற்றவர், கடிபடாமல் தப்புவதோடு, எவ்வளவு இறுக்கிப் பிடித்தால் விலங்கு அமைதியாகும், எவ்வளவில் மிரளும் என்பதையும் கையால் அறிகிறார். பாடநூல் தர இயலாத அறிவு இது. ஆனால் சில வாரங்களில் வந்துவிடக்கூடியது. ஐந்நூறு மணி நேரம் நூறு மணி நேரத்தைவிட ஐந்து மடங்கு கற்பிப்பதில்லை.

எனவே மணிக்கணக்கு கூடும்போது, அளக்கப்படுவது புரிதலன்று. ஊதியமின்றி உழைக்கும் வசதியே. கடையில் வேலை செய்து கல்லூரிக் கட்டணம் கட்டும் மாணவருக்கு அதற்கான நேரமும், சிகிச்சையகம் சென்றுவர வாகனமும் கிடைப்பது அரிது. பெரும்பாலான கல்லூரிகள் பயன்படுத்தும் பொது விண்ணப்ப அமைப்பான வி.எம்.சி.ஏ.எஸ்., மருத்துவர் மேற்பார்வையில் பெற்றதைக் ‘கால்நடை மருத்துவ அனுபவம்’ என்றும், மேற்பார்வையின்றிப் பெற்றதை ‘விலங்கு அனுபவம்’ என்றும் பிரிக்கிறது. இப்பிரிவின்படி, நள்ளிரவில் கன்று ஈனும் பசுக்களுக்கு உதவியே வளர்ந்த பண்ணை வீட்டுப் பெண்ணின் அனுபவம் இரண்டாம் வகையில் சேர, நகரச் சிகிச்சையகத்தின் மூலையில் நின்று பார்த்தவரின் அனுபவம் முதல் வகையில் சேர்கிறது. வகைப்படுத்துவதற்கு இது எளிது, நீதிக்கு ஏற்றதன்று. இதன் விளைவு மாணவரோடு நிற்பதுமில்லை. நகரங்களில் எளிதில் கிடைப்பது நாய், பூனைகளுக்கான சிகிச்சையகமே என்பதால், விண்ணப்பதாரர் பலர் மந்தை நலத்தையோ இறைச்சி ஆய்வையோ ஆய்வுக்கூடப் பணியையோ காணாமலே தம் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றனர். மறுபுறம், ஊரகங்களில் கால்நடை மருத்துவர் பற்றாக்குறை நீடிப்பதால், அங்கே பணியாற்ற முன்வருவோரின் கல்விக் கடனை அடைக்க உதவும் திட்டமொன்றை அந்நாட்டு வேளாண் துறை நடத்துகிறது.

மற்றொரு குறை வெளியே தெரிவதில்லை. பல கல்லூரிகள் கேட்கும் பரிந்துரைக் கடிதங்களுள் ஒன்றேனும் கால்நடை மருத்துவரிடமிருந்து வரவேண்டியிருப்பதால், வெறிநாய்க்கடித் தடுப்பூசியின்றி விலங்கைப் பிடிக்கச் சொன்னாலும், காப்புக் கவசமின்றி எக்ஸ்ரே அறையில் நிற்கச் சொன்னாலும் மாணவர் மறுக்கத் தயங்குவார். ஆகவே குறிப்பிட்ட எல்லைக்கு மேற்பட்ட மணி நேரத்துக்கு மதிப்பு தராமல், கண்டவற்றிலிருந்து விண்ணப்பதாரர் என்ன புரிந்துகொண்டார் என்று நேர்காணலில் விரிவாக விசாரிப்பதே தக்கது. பண்ணை மேலாளரும் விலங்குக் காப்பக அலுவலரும் எழுதும் கடிதங்களுக்கு மருத்துவரின் கடிதத்துக்கு நிகரான இடம் அளிக்கப்பட்டால், ஒரே மருத்துவரின் தயவை நம்பி ஆபத்தை ஏற்கும் நிலையும் மாணவருக்கு நேராது.