கலகாரியின் கூட்டுக்குடி

கலகாரி வெறும் மணற்காடு அல்ல. மழை பெய்தால் செம்மணலில் புல் முளைக்கும். இடையிடையே வேல மரம் நிற்கும். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலும் நமீபியாவிலும் அந்த மரங்களில் வைக்கோல்போரைத் தூக்கி மாட்டியதுபோல் கூடுகள் தொங்குகின்றன. கட்டுவது சிட்டுக்குருவி அளவேயான பறவை. நம் தூக்கணாங்குருவியின் குடும்பம். தூக்கணாங்குருவி தனித்தனிக் கூடு பின்னும். இதுவோ நூறு ஜோடிகளுக்கு மேல்கூட ஒரே கூரையின்கீழ் குடிவைக்கும்!

கூரைக்குச் சுள்ளி, அறைக்குள் மெத்தென்ற புல். வாசலெல்லாம் கீழ்நோக்கி, வழியில் குத்தும் புல்தண்டுகள். அப்படியும் நாகம் ஏறி முட்டைகளைத் தின்றுவிடுகிறது.

என்னை மிகவும் மயக்குவது உள்ளறைகள்தான். குளிர்கால இரவில் வெளியே உறைபனி. நடுவறைகளில் குருவிகள் நெருக்கியடித்துப் படுக்க, உடற்சூடு உள்ளேயே தங்கிவிடும். கோடையில் அதே புற்சுவர் வெயிலை மறிக்கும். இந்தச் சுகத்துக்காகக் குட்டி வல்லூறும் ஓர் அறையில் குடியேறிவிடுகிறது.

பல தலைமுறைக் குருவிகள் புல் சேர்த்துக்கொண்டே போவதால் சில சமயம் பாரம் தாங்காமல் கிளை முறியும். மரமற்ற வெளியில் மனிதர் தொலைபேசிக் கம்பம் நட்டார்கள். குருவிகள் அதிலும் கட்டிக்கொண்டன. மின்கம்பத்தில் கட்டும்போதுதான் சிக்கல்: காய்ந்த புல் தீப்பிடிக்கும், ஊருக்கே மின்சாரம் போகும்.