தாமரைத் தண்டுக்குள் ஒரு ஸ்பிரிங்

தாமரைத் தண்டை ஒடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். இரண்டு துண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளை இழைகள் நீண்டுகொண்டே வரும். இலைக்குத் தண்ணீர் ஏற்றும் சைலம் குழாய்களின் உள்சுவரில் சுருள்சுருளாகப் படிந்த தடிப்புகள்தான் அவை. உறிஞ்சும் இழுப்பில் குழாய் ஒடுங்காமல் தாங்குவது இந்தச் சுருள். ஸ்பிரிங் மாதிரி என்பதால், தண்டு வளரும்போது அதுவும் கூடவே நீண்டு கொடுக்கும். இத்தனைக்கும் அந்தக் குழாயின் செல்கள் உயிரற்றவை!

மியான்மரின் இன்லே ஏரிப் பெண்கள் சில தண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, கத்தியால் லேசாகக் கீறி, ஒடித்து இழுக்கிறார்கள். வரும் இழைகளை ஈரப் பலகையில் உள்ளங்கையால் உருட்ட, நூலாகிறது. அதில் நெய்த துணி புத்தர் சிலைக்கு ஆடையாகவும் போகிறது. தண்ணீர் ஏற்றப் பிறந்த சுருளுக்குத் தறியிலும் வேலை இருக்கிறது.