ஐயக்கோட்டையில் ஓர் இரவு: பனியனின் யாத்திரைக் கதையில் சோர்வும் மன்றாட்டும் மகிழ்ச்சியும்

சமய இலக்கியத்தை அணுகும் நம்மவர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே மேற்கொண்டு வந்துள்ளனர். பக்தர் அதில் ஆறுதலைத் தேடுவர். முற்போக்காளர் அதனை வாழ்விலிருந்து தப்பியோடும் முயற்சியெனத் தள்ளுவர். பின்னவர், மார்க்ஸ் சமயத்தை அபினிக்கு ஒப்பிட்டதை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். 1844இல் வெளிவந்த அதே கட்டுரையின் அதே பந்தியில், சமயத் துயரம் என்பது உண்மைத் துயரத்தின் வெளிப்பாடு மட்டுமன்றி அதற்கெதிரான முறைப்பாடுமாகும் என்று அவர் கூறியிருப்பதை ஏனோ விட்டுவிடுவர். இவ்விரு வழிகளுக்கும் அகப்படாத ஒரு நூலை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அது ஜோன் பனியன் எழுதியதும், தமிழ்க் கிறிஸ்தவர் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரால் நன்கறிந்ததுமான யாத்திரைக் கதை. அதன் பாத்திரங்களின் பெயர்களைப் பொருள்நோக்கி நாமே தமிழாக்கித் தருகிறோம்.

பனியன் (1628–1688) பெட்போர்ட் நகரை அண்டிய எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் குடும்பத்திற் பிறந்தவர். தாமும் அத்தொழிலையே செய்தவர். உள்நாட்டுப் போரில் இளைஞராகவே பாராளுமன்றப் படையிற் சேவை செய்தார். முடியாட்சி மீண்ட 1660ஆம் ஆண்டில், அனுமதியின்றிப் பிரசங்கித்தார் என்ற குற்றத்துக்காகச் சிறையிடப்பட்டு, 1672 வரை அங்கிருந்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று உறுதியளித்திருப்பின் விடுதலை கிடைத்திருக்கும். அவரோ சிறையிலிருந்தபடியே சப்பாத்து நாடாக்களுக்கு முனைகட்டிக் குடும்பத்துக்கு உதவினார். கண்பார்வையற்ற மூத்த மகளை எண்ணி அவர் பட்ட வேதனையை 1666இல் வெளிவந்த அவரது தன்வரலாற்றிற் காணலாம். 1678இல் வெளிவந்த யாத்திரைக் கதையின் பெரும்பகுதி சிறையிலேயே உருவாயிற்று என்பது பெரும்பாலோர் கருத்து. ஆகவே அதில் வரும் இருட்டறை வெறும் உருவகமன்று என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

கதையின் தொடக்கத்திலேயே யாத்திரிகனாகிய கிறிஸ்தியான் ‘சோர்வுச் சேறு’ ஒன்றில் விழுகிறான். அச்சேற்றைத் தூர்ப்பதற்கு அரசனின் வேலையாட்கள் 1600 ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வருகின்றனராம். நல்லுபதேசங்கள் இருபதாயிரம் வண்டிப் பாரமாயினும் அதிற் கொட்டப்பட்டனவாம். சேறு சேறாகவே இருக்கிறது. பனியனின் நகைச்சுவையுணர்வு பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மனமுடைந்தவனுக்கு உபதேசம் செய்வதன் பயனின்மையை ஒரு பிரசங்கியாரே இவ்வளவு துணிவாகச் சொன்னமை வியப்புக்குரியது. ‘மகிழ்ச்சியாயிரு’ என்று கட்டளையிடும் பக்திப் பிரசுரங்கள் இன்றும் வண்டி வண்டியாகவே அச்சாகின்றன.

கதையின் உயிர்நிலை ஐயக்கோட்டைப் பகுதியாகும். கரடுமுரடான வழியில் நடந்து கால் நொந்த கிறிஸ்தியானும் அவன் தோழன் நம்பிக்கையோனும், மென்மையாய்த் தோன்றிய பக்கத்துப் புல்வெளியிற் காலடி வைக்கின்றனர். அது அவநம்பிக்கை என்னும் அரக்கனின் நிலம். அரக்கன் அவர்களைப் பிடித்துப் புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் வெளிச்சமுமின்றி இருட்டறையில் அடைத்துவைக்கிறான். அவனுடைய மனைவியின் பெயர் தயக்கம். இரவுதோறும் படுக்கையில் அவள் யோசனை சொல்ல, பகலில் அவன் அதனை நிறைவேற்றுகிறான்: முதலில் அடி, அடுத்துத் தற்கொலை செய்துகொள்ளும்படி புத்திமதி, பின்னர் முன்வந்தவர்களின் எலும்புகளைக் காட்டி மிரட்டல். வெயிலடிக்கும் நாட்களில் அரக்கனுக்கு வலிப்புக் கண்டு கைகள் செயலற்றுப்போகும் என்ற குறிப்பும் இடையில் வருகிறது. சோர்வின் இயல்பை இவ்வளவு நுட்பமாகக் கண்டவர் மிகச் சிலரே.

கிறிஸ்தியான் தற்கொலைக்கு ஏறக்குறைய இணங்கிவிடுகிறான் என்பது கவனிக்கற்பாலது. அவனைத் தடுப்பவன் தேவதூதன் அல்லன். அவனோடு அதே இருட்டில் இருப்பவனும் தன்னை அவனிலும் பலவீனனென்று சொல்லிக்கொள்பவனுமாகிய தோழன். அவன் கையாளும் வாதம் முழுவதும் நினைவூட்டலே: இதற்குமுன் எவ்வெவற்றைக் கடந்து வந்தாய், மாயச் சந்தையில் விலங்குக்கும் கூண்டுக்கும் அஞ்சாது நின்றவனல்லனோ நீ என்பதே அது. அதன் பின்னரே சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் சேர்ந்து மன்றாடத் தொடங்கி, விடியுமளவும் மன்றாடுகின்றனர்.

அம்மன்றாட்டில் என்ன கூறினர்? பனியன் ஒரு சொல்லைக்கூடத் தரவில்லை. பாத்திரங்களை ஓயாது பேசவைக்கும் நூலில் இம்மௌனம் தற்செயலானதன்று என்பது எமது கருத்து. அரசும் திருச்சபையும் விதித்த பொதுச்செப நூலை ஏற்க மறுத்தமை அவரது வழக்கிலேயே ஒரு விவாதப்பொருளாயிருந்தது. சிறையிருந்த முதலாண்டுகளில், செபம் பற்றியே தனியொரு நூல் எழுதினார். எழுதிவைத்துப் படிக்கும் செபத்தினும் சொல்லெழாத முனகலே பல வேளைகளில் மேலானது என்பது அதன் சாரம். 1662ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டுச் சட்டம் அப்பொதுச்செப நூலை நாடெங்கும் கட்டாயமாக்கியதை இத்துடன் சேர்த்து நோக்கினால், அந்த முனகலின் அரசியல் புலனாகும். பாத்திரம் செப்பனிடும் ஒருவன் தன் துயரத்தைத் தன் குரலிற் கடவுளிடம் முறையிடும் உரிமையே அன்று சிறையிடப்பட்டது.

விடியுமுன் கிறிஸ்தியான் திடீரெனக் கூவுகிறான்: தன் நெஞ்சுச் சட்டைக்குள்ளே ‘வாக்குத்தத்தம்’ என்னும் சாவி இத்தனை நாளும் கிடந்ததே! மகிழ்ச்சி இங்கு மேலிருந்து இறங்கவில்லை. சோர்வு என்பது ஒருவகை மறதி. மன்றாட்டு அம்மறதியைக் கலைக்கிறது. சாவி கிடைத்தபின்னும் கதவுகள் தாமாகத் திறப்பதில்லை. வெளி இரும்புக் கதவின் பூட்டு மிக வருத்தியே திறக்கிறது. அற்புதத்துக்கும் உழைப்புக்கும் இடையே பனியன் வைத்த இந்நிதானம் நமது பக்தியெழுத்தாளர் பலரிடம் இல்லை.

இக்கதையைத் தமிழுக்குப் பெருங்காப்பியமாக்கியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). திருநெல்வேலியில் வைணவக் குடும்பத்திற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் கிறிஸ்தவரானவர். பனியனின் முதற்பாகத்தைத் தழுவிய இரட்சணிய யாத்திரிகம் ஐந்து பருவங்களாக 1894இல் நூலுருப் பெற்றது. அதன் இடையிடையே அவர் இசைப்பாக்களைப் புகுத்தி, அவற்றுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். பனியன் மௌனம் காத்த துறையில் கிருஷ்ணபிள்ளை பாடுகிறார். இதை வெறும் அலங்காரமெனக் கொள்ளலாகாது. பனியனுக்கு யாத்த சொல் அரசின் சொல். தமிழ் பக்திமரபிலோ பதிகம் என்பது கூடியிருந்து பாடுவார் அனைவருக்கும் உரிய சொல். ஒருவர் துயரம் பலர் வாயிற் பாட்டாகும்போது அது தனித்துயரமாக எஞ்சுவதில்லை. ஆயினும் காப்பியச் செந்நடையின் உயர்ச்சி, பாத்திரம் செப்பனிடுபவனின் பேச்சுமொழியிலிருந்த அண்மையைப் பெரிதும் இழக்கச் செய்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பண்டிதர் போற்றிய நூலாக அது நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு முற்போக்காளர் ஒரு நியாயமான வினாவை எழுப்பலாம். இருவர் தப்பினர்; கோட்டை நிற்கிறதே? தப்பியவர்கள் பின்வருவோரை எச்சரிக்க ஒரு தூணை நாட்டி எழுதிவைத்தனர், அவ்வளவே. முதற்பாகத்தோடு நின்றால் இக்குறை குறையே. ஆனால் 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், பெண்களும் சிறுவரும் நோயாளரும் கூட்டமாக யாத்திரை செல்கின்றனர். பெருநெஞ்சன் தலைமையில் அவர்கள் ஐயக்கோட்டையை முற்றுகையிட்டு, அரக்கனைக் கொன்று, ஏழு நாள் பாடுபட்டு அதனை இடித்துத் தரைமட்டமாக்குகின்றனர். பெயின் எழுதிய ‘மனித உரிமைகள்’ நூலோடு இந்நூலையும் ஆங்கிலத் தொழிலாளர் இயக்கத்தின் இரு அடிப்படை நூல்களென ஈ. பி. தொம்சன் 1963இல் குறிப்பிட்டது இதனை வைத்து நோக்கும்போது மிகையாகத் தோன்றவில்லை.

இடிபாடுகளுள்ளே சோர்வுடையார் என்னும் முதியவரும் அவர் மகள் அச்சமிக்காளும் குற்றுயிராய்க் கிடக்கக் காண்கின்றனர். வெளியே வந்ததும் கிறிஸ்தியானின் மனைவி நரம்புக்கருவியை மீட்ட, தளர்நடையர் என்னும் ஊன்றுகோற்காரர் அச்சமிக்காளின் கையைப் பிடித்துத் தெருவிலே ஆடுகிறார். ஒரு கோலை ஊன்றியபடிதான், ஆயினும் நன்றாகவே ஆடுகிறார். முதியவருக்கு மட்டும் இசையில் நாட்டமில்லை. பசி. அவருக்கு முதலிற் சிறிது மதுவும் பின்னர் உணவும் தரப்படுகின்றன. பசித்தவனை ஆடச் சொல்லாத மகிழ்ச்சி இது. கிறிஸ்தவப் பேரின்பம் பற்றிய எத்தனையோ விளக்கங்களினும் இச்சிறு காட்சியை நாம் மேலாக மதிக்கிறோம்.

பின்னர் மரணநதியைக் கடக்கும் வேளையில், தம் சோர்வையும் அடிமையச்சத்தையும் எவரும் ஏற்றுக்கொள்ளலாகாது என்பதையே அம்முதியவர் தம் மரணசாசனமாக விட்டுச்செல்கிறார். மகள் பாடிக்கொண்டே நதியைக் கடக்கிறாள். அவள் பாடியது என்னவென்று கரையில் நின்ற எவருக்கும் விளங்கவில்லை எனப் பனியன் எழுதுகிறார்.